இஸ்ஹாக்கின் போன்

முன்வீடு, முந்தல்
2023 ஓகஸ்ட் 21

மதினி மர்ஷூதாவுக்கு ஸலாஹுதீன் ஸலாமுடன் எழுதுவது.

உங்கள் அறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அப்படியிருந்தும் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. இஸ்ஹாக் நானா மௌத்தாகி இன்றோடு பதினாறு நாள். நாலு மாதமும் பத்து நாளும் நீங்கள் இத்தா இருந்து முடிக்கும்வரை அந்நிய ஆணின் முகம் உங்கள் கண்ணில் படக் கூடாது, குரல்கூடக் காதில் விழக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் இருந்துவரும் வழக்கம். கணவனுடைய தம்பி என்றாலும் நான் அந்நியன்தான். உம்மா உங்கள் போனை வாங்கி வைத்ததும் அதற்காகத்தான், மனதில் எடுக்க வேண்டாம். இதைச் சோற்றுத் தட்டோடு உம்மா கொண்டுவருவா. பதிலை வெறுந்தட்டோடு கொடுத்துவிடுங்கள். ஒட்டிக் கொடுங்கள். உம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பா, ஆனால் ஒட்டின கடிதத்தைப் பிரிக்கமாட்டா.

விஷயம் உங்கள் அறையில் இருக்கிற பழைய கொம்பியூட்டர் பற்றியது. நானா கட்டாரில் வேலை முடித்து வந்த வருஷம் வாங்கினது. இறால் பண்ணையின் கமெராவும், குளத்தில் தண்ணீரைக் கலக்கிற சக்கரத்தின் சுவிட்சும் அதன் வழியாகத்தான் எங்கள் போன்களுக்கு வருகிறது. நானா இருக்கும்வரை ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது நீங்கள் காலையில் உங்கள் கம்பனிப் புரோகிராமைத் திறந்தவுடன் என் போன் இருண்டுவிடுகிறது. ஒரு மெஷினில் இரண்டு புரோகிராம் சண்டை பிடிக்கின்றன. ஒன்று போக வேண்டும். எது போக வேண்டும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. இறால் செத்தால் வீடே பட்டினி. நீங்கள் எழுத்தடிக்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 ஓகஸ்ட் 23

மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்கே பசை இல்லை. சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன்.

இத்தா இருப்பதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. உங்கள் குடும்ப வழக்கத்துக்காக நான் இந்த அறையில் இருக்கவில்லை. அவருக்காக இருக்கிறேன். அறைக்குள் இருந்தபடி வேலை செய்யலாமா என்று உம்மா மூலமாக மௌலவியிடம் கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன பிறகுதான் மறுபடியும் கொம்பியூட்டரைப் போட்டேன்.

கொழும்புக் கம்பனி அவர் சேர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பற்றுச்சீட்டுகளைப் பதிகிற வேலை. காலை ஒன்பதில் இருந்து பின்னேரம் ஐந்துவரை இன்டர்நெட் லைன் அறாமல் இருக்க வேண்டும். ஆறு மாதம் பார்த்து, டிசம்பர் முதல் கிழமையில்தான் நிரந்தரமாக்குவார்கள். லைன் அடிக்கடி அறுந்தால் எச்சரிக்கை தருவார்கள். மூன்று எச்சரிக்கை என்றால் வேலை போய்விடும். பட்டினி கிடக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஃபஸ்னாவை என் கையால் வளர்க்க எனக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

என்னுடையது உங்களைத் தள்ளிவிடுகிறது என்கிறீர்கள். உங்களுடையதும் என்னைத் தள்ளுகிறது. நேற்று மூன்று தடவை அறுந்தது: பத்தே காலுக்கு, ஒன்றே முக்காலுக்கு, மூன்றரைக்கு. நேரங்களைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன், கம்பனிக்குக் காரணம் காட்ட வேண்டுமே. விடியற்காலை சுபஹுக்குப் பிறகு நீங்களே குளக்கரையில் நிற்கிறீர்கள். பகலிலும் கூலியாட்கள் நிற்கிறார்கள். பகல் முழுக்க போனில் குளம் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த மெஷினை விற்றது புத்தளத்தில் ரஸாக் பாயின் கடை. ஒன்றைக் கழற்றாமல் இரண்டையும் ஓடவைக்க அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் இந்த அறைக்குள் வர முடியாது, சரி. செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், நான் செய்வேன்.

இன்னொன்று. உங்கள் நானாவின் போன் உங்களிடம் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஃபஸ்னாவைத் தோளில் வைத்து எடுத்த படம் அதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மட்டும் தந்தால் போதும், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

மர்ஷூதா


முன்வீடு
2023 செப்டம்பர் 1

மதினிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கம்பனி கெட்டிக்காரத்தனம் பழக்கியிருக்கிறது போல.

நானாவின் போனை நான் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். மௌத்தானவரின் சட்டைப் பையில் இருந்து எடுத்த சாமான். அதை யாரும் தொடுவதில்லை, நானும் தொடுவதில்லை. படம் பார்த்து அழுவதற்கு இத்தா தரப்படவில்லை.

ரஸாக்கிடம் போக எனக்கு நேரம் இல்லை. குளத்தில் இறால் குஞ்சு விட்டிருக்கிறது. கழற்று என்று சொன்னதைக் கழற்றாமல் எனக்கே கேள்வி கேட்கிறீர்கள். அதனால் மூன்று நாள் லைனை முன்வீட்டிலேயே நிறுத்தி வைத்தேன். தெரிந்திருக்கும்.

ஃபஸ்னா இன்றிலிருந்து முன்வீட்டில் எங்களோடு இருப்பாள். ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்க உங்களோடு இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை. நிஸ்மியா பார்த்துக்கொள்வாள். என் பெண்சாதி பெறாவிட்டாலும் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவள். அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிய மறுநாள் பிள்ளை உங்களிடம் வருவாள்.

ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். புருஷன் செத்து ஒரு மாதம் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை தலைமுடியை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்தீர்களே, அது எந்த இத்தாவில் சேர்த்தி? நாலு பேருக்குத் தெரிந்தால் நானாவின் பெயர் என்ன ஆகும்?

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 செப்டம்பர் 4

மச்சானுக்கு,

கம்பனியில் இருந்து முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. உங்கள் மூன்று நாளுக்கு நன்றி.

நேற்று ஃபஸ்னா முற்றத்தில் நின்று, "உம்மா, நீங்க எப்ப நல்லாகுவீங்க?" என்று கேட்டாள். எனக்கு வருத்தம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பதற்குள் நிஸ்மியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாய் நோயாளி என்று மட்டும் சொல்லாதீர்கள். தகப்பன் நோயாளியாகித்தான் திரும்பி வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் சிரித்தது உண்மை. கொழும்பில் எங்களை மேற்பார்க்கிற பிள்ளை தன் பூனை மேசையில் ஏறிப் பண்ணின கூத்தைச் சொன்னாள். இருபத்தி நாலு நாளைக்குப் பிறகு என் வாயில் இருந்து வந்த சிரிப்பு அது, எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஆனால் நீங்கள் ஒன்று எழுத வேண்டும். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த அறைக்கு இருப்பது ஒரு கதவு. ஜன்னல் மதில் பக்கம். உள்ளே வருவது உம்மா மட்டும்.

மர்ஷூதா


முன்வீடு
2023 செப்டம்பர் 7

உம்மா சொன்னா. வேறு யார் சொல்ல? வீட்டில் நடக்கிறதை மகனுக்குச் சொல்வது குற்றமா?

விசாரணை வைக்கிற இடத்தில் நீங்கள் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நுரைச்சோலையில் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு சாச்சியும் அவவின் ஓலை போட்ட குசினியும்தான். இத்தா முடிந்ததும் அங்கே போகலாம். பிள்ளை எங்கள் இரத்தம், இங்கே இருக்கும். காதி நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் போங்கள். வருமானமில்லாத பெண்ணுக்கு எவன் பிள்ளையைக் கொடுப்பான் என்று பார்ப்போம்.

புரோகிராம் இன்னும் இருக்கிறது. நேற்றும் மூன்று தடவை என் போன் இருண்டது.

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 செப்டம்பர் 8

மச்சானுக்கு,

அந்தச் செவ்வாய்க்கிழமை உம்மா பிரஷர் கிளினிக்குக்குப் புத்தளம் போனா. ஃபஸ்னாவையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணி பஸ்ஸில் போய் பின்னேரம் அஸருக்குத்தான் வந்தா. பகல் சோறு அன்று வரவில்லை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம்.

மர்ஷூதா


முன்வீடு
2023 நவம்பர் 8

மர்ஷூதாவுக்கு,

இரண்டு மாதம் உனக்குப் பொறுமை தந்தேன். நீ என்றே எழுதுகிறேன், மதினி என்ற மரியாதையை நீ வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பிரித்து வைத்தும் உன் மனம் இளகவில்லை என்றால் உன்னைப் பெண் என்று சொல்வதா கல் என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஃபஸ்னா இப்போது நிஸ்மியாவைத்தான் உம்மா என்று கூப்பிடுகிறாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

மழை தொடங்கிவிட்டது. குளத்தில் எந்த நேரமும் தண்ணீர் மாறும், போன் இருண்டு கிடந்தால் எனக்குச் சரிவராது. நேற்று ரஸாக்கிடம் போனேன். நீ சொன்னாய் என்பதற்காகப் போகவில்லை. அவன் நேரில் வந்து ஐந்து நிமிடத்தில் செய்துதருவதாகச் சொன்னான். இத்தா வீட்டுக்குள் அந்நியனை விடுவதில்லை, கதவுக்கு வெளியே நின்று பேசவும் விடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். நிஸ்மியாவுக்காவது காட்டித்தருகிறேன், அவள் போய்ச் செய்யட்டும் என்றான். அவளுக்கு இதெல்லாம் தேவையில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதித் தந்தான். அவனுடைய கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது. நானே பிரதி பண்ணியிருக்கிறேன். எனக்கு இது ஒன்றும் விளங்காது. உள்ளபடி எழுதுகிறேன்:

முதலாவது. இரண்டு புரோகிராமும் வெளியே போக ஒரே இலக்கமுள்ள வாசலைக் கேட்கின்றன. புது மெஷின் என்றால் ஒன்று தானாக ஒதுங்கிப் போகும். பழசில் ஆள்தான் ஒதுக்க வேண்டும். முதலில் இரண்டையும் மூடவும்.

இரண்டாவது. பண்ணைப் புரோகிராமைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள சக்கர அடையாளத்தைத் தட்டி, 'வந்துபோனவை' என்ற பட்டியலை எடுக்கவும். எந்தப் போன், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்தக் கமெராவைத் திறந்தது என்று முழுக்க இருக்கும். கம்பனி லைன் அறுந்த நேரங்களோடு ஒப்பிட்டால் மோதுவது இதுதான் என்று உறுதியாகும்.

மூன்றாவது. உறுதியானால், அதே இடத்தில் வாசல் இலக்கத்தை அழித்து வேறு இலக்கம் போடவும். மூடித் திறக்கவும். முடிந்தது.

செய். செய்துவிட்டு எழுது.

பிள்ளையோடு இந்த வீட்டிலேயே நீ இருப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. இத்தா முடியாமல் அப்படிப்பட்டதை ஒரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது மார்க்கம். அதனால் எழுதவில்லை. யோசித்தால் உனக்கே விளங்கும். நிஸ்மியா ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 நவம்பர் 14

மச்சானுக்கு,

தாளுக்கு நன்றி. இரண்டாவது படிவரை செய்திருக்கிறேன். பட்டியல் நீளம், வாசிக்கக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

ஒரு சின்னக் கேள்வி. அவருடைய போன் இன்னும் அலுமாரியில் பூட்டித்தான் இருக்கிறதா? வீட்டில் யாராவது எடுத்துப் பாவிக்கிறார்களா? போன்களின் எண்ணிக்கை சரியாகத் தெரிந்தால்தான் இலக்கத்தை மாற்றலாம்.

மர்ஷூதா


முன்வீடு
2023 நவம்பர் 16

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி பூட்டினது பூட்டினபடி இருக்கிறது. பூட்டுத் திறப்பு என் இடுப்பில். குர்ஆன் மேல் சத்தியம், அந்தப் போனை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. செத்துப்போன என் நானாவின் சாமானை வைத்து இன்னொரு தடவை கேள்வி கேட்காதே.

சீக்கிரம் முடி. இன்றைக்கும் இருண்டது.

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 டிசம்பர் 6

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை.

மூன்றாவது படியையும் உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்றே செய்துவிட்டேன். நாலு நிமிடம் பிடித்தது. ஒரு இலக்கத்தை அழித்து இன்னொரு இலக்கம் போட்டேன், அவ்வளவுதான். அதன்பிறகு என் லைன் ஒரு தடவையும் அறவில்லை, உங்கள் போனும் இருளவில்லை. இந்த நாலு நிமிட வேலைக்காக மூன்று மாதம் என் பிள்ளையை என்னிடம் இருந்து பிரித்து வைத்திருக்கிறீர்கள். எச்சரிக்கை இரண்டோடு நின்றது. நேற்று வேலை நிரந்தரமானது.

இரண்டாவது படியைப் பற்றித்தான் எழுத வேண்டும். பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறது. சுபஹு நேரம், முதலாம் குளம், இரண்டாம் குளம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றப் பெயர்தான் பகல் முழுக்க வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் இஸ்ஹாக் என்று இருக்கிறது. ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி தொடக்கம் இருநூற்றி நாற்பத்தி ஒரு தடவை. ஒரு தடவையாவது குளத்தைத் திறக்கவில்லை. திறந்தது எல்லாம் இந்த அறைக் கமெரா.

இந்த மெஷின் மேல் அவர் அதைப் பொருத்தினது, நான் வேலைக்குச் சேர முந்தி, பண்ணையில் இருந்தபடி ஃபஸ்னாவைப் பார்ப்பதற்காக. பார்க்கும்போது ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். ஃபஸ்னா அதை நோண்டுகிறாள் என்று கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். டேப் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனது.

மௌத்தான மனிதனின் பெயரைக் கண்டபோது நான் பயப்படவில்லை மச்சான். சந்தோஷப்பட்டேன். எங்கேயோ இருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையை விட்டு எழும்பி முந்தானையைக்கூடச் சரிசெய்தேன். அரை நிமிடம் இருக்கும். பிறகுதான் கொப்பியை எடுத்து நேரங்களை ஒப்பிட்டேன். பத்தே கால். ஒன்றே முக்கால். மூன்றரை. தலைமுடி காயவைத்த செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பதில் இருந்து பதினொன்று ஐந்துவரை. மற்றதையெல்லாம் ஒருவேளை நான் மன்னித்துவிடுவேன். அந்த அரை நிமிடத்தை மன்னிக்கமாட்டேன்.

ஆனால் உடனே எழுதவில்லை. போன் பூட்டித்தான் இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் குர்ஆன் மேல் சத்தியம் பண்ணினீர்கள். மறுநாள் டேப்பை உரித்தேன். ஒன்றே முக்காலுக்குச் சிவப்பு எரிந்தது. நான் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன், நீங்களும் பதினொரு நிமிடம் பார்த்தீர்கள். அதன்பிறகு கமெராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். அப்படியும் நாலு தடவை வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ரஸாக் பாய் கதவுக்கு வெளியே நிற்பதும் ஹராம் என்றீர்கள். என் பிள்ளை என்னைப் பார்க்கவும் கணக்கு வைத்தீர்கள். என் முகத்தை ஒரு ஆணும் காணக் கூடாது என்று காவல் வைத்தது உங்களுக்கு மட்டும் காணவா?

உம்மா இதை முற்றத்து முருங்கை மரத்தடியில் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பா என்று நினைக்கிறேன். உம்மா, உங்களிடம்தான் சொல்கிறேன். கிளினிக் போன அந்த ஒரு பகலைத் தவிர, நான்கு மாதம் ஒரு நேரம் தவறாமல் எனக்குச் சோறு கொண்டுவந்தீர்கள். ஓகஸ்டில் ஒரு மகனை மண்ணுக்குக் கொடுத்தீர்கள். மற்ற மகனை இன்று நான் உங்களிடம் இருந்து எடுக்கிறேன். இது கொடுமை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எனக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு வலிக்கிற இடம் உங்களைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

மச்சான், ஃபஸ்னாவும் என் கணவருடைய போனும் எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் பிறைக் கணக்குப்படி பதினோராம் திகதி இத்தா முடிந்து நான் வாசலில் இறங்கும்போது இந்தப் பட்டியல் பள்ளிவாசலுக்கும் போகும், நிஸ்மியாவின் கைக்கும் போகும்.

மர்ஷூதா


முன்வீடு
2023 டிசம்பர் 8

மதினிக்கு,

கடிதத்தை ஒட்டவில்லை என்று பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு அது இன்றுதான் வந்தது, அதுவும் ஒட்டி. சோற்றுப் பருக்கை வைத்து, நாலு மூலையும் அழுத்தி. பருக்கை இன்னும் காயவில்லை. நீங்கள் ஒட்டவில்லை என்றால் யார் ஒட்டினது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜும்ஆ முடிந்து வந்தேன், கோழி ஆக்கிப் போட்டா. எதிரில் இருந்து நான் சாப்பிட்டு முடியும்வரை பார்த்தா. இப்போது விளங்கியதா? தாய் என்றால் அப்படித்தான். நீங்கள் நேற்று வந்தவர். எட்டு வருஷம் என்றாலும் நேற்று வந்தவர்தான்.

நான் தப்பான எண்ணத்தில் பார்க்கவில்லை. நானா இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், காவல் பார்த்தேன். அவ்வளவுதான். நிஸ்மியாவிடம் கொண்டுபோக வேண்டாம். அவள் தாங்கமாட்டாள், மனம் பலவீனமானவள். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பிட்டு எழும்பி அலுமாரியைப் பார்த்தேன். போன் இல்லை. ஃபஸ்னாவையும் முன்வீட்டில் காணவில்லை. நான் குளிக்கும்போது திறப்பை எடுத்திருக்கிறா. பள்ளிக்குப் போனபோது என் இடுப்பில் திறப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. உங்களிடம் தந்தாவா? தந்திருந்தால் எழுதுங்கள்.

ஸலாஹுதீன்


பின்வீடு
2023 டிசம்பர் 10

மச்சானுக்கு,

தந்தா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நீங்கள் பள்ளியில் இருக்கும்போது வந்தா. ஒரு கையில் ஃபஸ்னா, மற்றக் கையில் பிள்ளையின் உடுப்புப் பை. போன் துணியில் சுற்றிப் பைக்குள் கிடந்தது. எல்லாவற்றையும் கட்டிலில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றா. "மகள், எனக்கு இப்ப மிச்சம் ஒண்டுதான். அதையும் எடுத்துப் போட்டுராதீங்க" என்றா. கடிதத்தை ஒட்டினது தான்தான் என்று சொல்லவில்லை. எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்த மை விரலில் பட்டிருந்தது.

எனக்கு உம்மா மேல் கோபம் வந்தது. வந்தபடியே இருக்கிறது. என் பக்கம் வந்து அழுவா என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் ஃபஸ்னா என் மடியில் ஏறி, முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, "உம்மா, நல்லாகிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உம்மாவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிவாசலுக்குப் போகமாட்டேன், நிஸ்மியாவிடமும் சொல்லமாட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். உங்களைப் போலச் சத்தியம் பண்ணவில்லை, சும்மா ஓம் என்றேன்.

நாளை இத்தா முடிகிறது. நான் எங்கேயும் போகவில்லை. இந்தப் பின்வீடு அவர் கட்டினது. இதிலேயே இருப்பேன், வேலை செய்வேன், பிள்ளையை வளர்ப்பேன். நீங்கள் முற்றத்தைத் தாண்டத் தேவையில்லை.

பண்ணைப் புரோகிராமை நான் கழற்றவில்லை. இறாலுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் பயப்பட வேண்டாம். அறைக் கமெராவை மட்டும் பிடுங்கிவிட்டேன். குளக்கரைக் குடிலில் உள்ள கமெரா இருக்கிறது. நேற்று அவருடைய போனுக்கு சார்ஜ் போட்டு, இன்று காலையில் அதில் குடில் கமெராவைத் திறந்து பார்த்தேன். கூலியாட்கள் இறாலுக்குத் தீனி கலந்துகொண்டு நின்றார்கள். நீங்கள் முதுகைக் காட்டி இருந்து தேத்தண்ணீர் குடித்தீர்கள். குடிலின் கூரை வளையில் சிவப்பு எரிந்தவுடன் கூலியாட்கள் நிமிர்ந்தார்கள், நீங்களும் திரும்பினீர்கள். பிறகு உங்கள் போனை எடுத்து யார் பார்ப்பது என்று பார்த்தீர்கள். திரையின் மூலையில் என்ன பெயர் வந்தது என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணீர்க் கோப்பை உங்கள் கையில் இருந்து விழுந்ததையும் கண்டேன்.

இனி அந்த வெளிச்சம் எந்த நேரமும் எரியலாம். சில நாள் எரியாது. சில நாள் பகல் முழுக்க எரியும். பெயரை மாற்றித் தரச் சொல்லி ரஸாக் பாயிடம் போனால் எதற்காக என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்ல வேண்டிவரும். ஆகவே அது அப்படியே இருக்கட்டும். உங்கள் நானா பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் அறுவதாக இனி நான் குறை எழுதமாட்டேன். இப்போது இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒன்பதில் இருந்து ஐந்துவரை நான் என் வேலையைச் செய்துகொண்டே உங்களைப் பார்க்கலாம்.

மர்ஷூதா